இரண்டு விசில்

என் பெயர் க. அன்புச்செல்வி. வயது பதினேழு. தந்தை பெயர் கதிரேசன், வடபழனியில் சினிமா படப்பிடிப்புகளுக்கு விளக்கு வாடகைக்கு விடும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நாங்கள் திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு மேற்கே உள்ள தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நான் மயிலாப்பூரில் உள்ள ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். 20.01.2026 செவ்வாய்க்கிழமை காலை நடந்த பேருந்து விபத்தில் இறந்துபோன தமிழ்நிலா என் வகுப்புத் தோழி. அன்றைக்குச் சம்பவ இடத்தில் ஒரு காவலர் என்னிடம், பேருந்து கிளம்பும் முன் விசில் சத்தம் கேட்டதா என்று கேட்டார், கேட்டது என்று சொன்னேன். விசிலை ஊதியது யார் என்று என்னிடம் கேட்கப்படவில்லை. அதைச் சொல்வதற்காக, எங்கள் வீட்டுக்கு வந்துள்ள பெண் உதவி ஆய்வாளர் முன்பாக, என் தாயார் உடனிருக்க, இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

தமிழ்நிலாவின் குடும்பம் முன்பு கோட்டூர்புரம் அருகே ஆற்றோரத்தில் குடியிருந்தது. அங்கிருந்த வீடுகள் அகற்றப்பட்ட பிறகு அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் குடியிருப்பு ஒதுக்கினார்கள். பள்ளியை மாற்றினால் படிப்பு விட்டுப்போகும் என்று அவளுடைய தாயார் முனியம்மாள் அதே பள்ளியில் தொடர வைத்தார். தமிழ்நிலா காலையில் பெரும்பாக்கத்தில் ஒரு பேருந்து பிடித்து, திருவான்மியூர் சிக்னலில் இறங்கி, சாலையைக் கடந்து, மயிலாப்பூர் போகும் பேருந்தில் ஏறுவாள். நான் அதே பேருந்தில் அதற்கு முன்பே, பேருந்து நிலையத்திலேயே ஏறி, அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன்.

இந்தக் கல்வியாண்டு தொடங்கியபோது எங்கள் பள்ளியில் விதிகள் மாறின. முன்பெல்லாம் காலை வழிபாடு முடிவதற்குள் வந்துவிட்டால் வருகை போடுவார்கள். இந்த ஆண்டு முதல் எட்டே முக்காலுக்கு மணி அடித்ததும் கேட் பூட்டப்படும், அதற்குப் பிறகு வந்தால் அன்று முழுவதும் வராத கணக்கு, வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் தரமாட்டோம் என்று தலைமை ஆசிரியை அறிவித்தார். அதன் பிறகு டிசம்பர் மாதம் இன்னொரு விதி வந்தது. ஜனவரி திருப்புதல் தேர்வில் ஒரு பாடத்தை எழுதாமல் விட்டாலும் அந்த மாணவி பள்ளி மூலமாகப் பொதுத்தேர்வு எழுத முடியாது, தனித்தேர்வராக எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

கேட் பூட்டிய பிறகு தமிழ்நிலா பல நாட்கள் வந்திருக்கிறாள். காவலாளி திறக்கமாட்டார். அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் உட்கார்ந்திருப்பாள், நான் இடைவேளையில் போய்க் கம்பிக்கு இடையில் என் குறிப்பேடுகளைக் கொடுப்பேன், எழுதிவிட்டு அதே கம்பி வழியாகத் திருப்பிக் கொடுப்பாள். வீட்டுக்குப் போகலாமே என்று ஒரு நாள் கேட்டதற்கு, "நான் ஸ்கூலுக்கு வந்துட்டேன்டி. ஸ்கூலுதான் உள்ள போய்ப் பூட்டிக்கிச்சி" என்றாள். தனித்தேர்வர் என்ற சொல்லுக்கு மட்டும் அவள் பயந்தாள். அவளுடைய அக்கா அப்படி எழுதுவதாகச் சொல்லிப் பள்ளியிலிருந்து நின்றவர், இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறார். "எங்க பிளாக்குல பிரைவேட்டா எழுதறேன்னு போனவங்கோ யாரும் எழுதி முடிக்கல. எல்லாரும் எழுதிக்கினே கீறாங்கோ" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பேருந்து கதவு இல்லாத பழைய வண்டி. நடத்துநர் முருகையனின் இருக்கை பின் படிக்கட்டுக்கு அருகில் இருக்கிறது. கூட்டம் நிறைந்துவிட்டால் அங்கிருந்து முன் படிக்கட்டு அவருக்குத் தெரியாது. பெண்கள் எல்லோரும் முன் பக்கமாக ஏறுவதால், ஏறி முடித்தார்களா என்று அவர் கத்திக் கேட்பார், முன்னால் நிற்பவர்கள் "ரைட்" என்று பதில் குரல் கொடுப்பார்கள், அதன் பிறகு அவர் இரண்டு விசில் ஊதுவார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு.

எங்கள் வகுப்பில் அதீபா என்ற மாணவி விளையாட்டுப் பிரிவின் தலைவி. திருவான்மியூரில் தையல் கடை வைத்திருக்கும் ஷோயப் என்பவரின் மகள். காலை அணிவகுப்புக்காக அவள் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவள் முன் படிக்கட்டுக்கு மேல், ஓட்டுநருக்குப் பின்னால் நின்று வருவாள். நவம்பர் மழையின்போது குரல் கேட்காததால் ஒரு நாள் அவள் தன் விசிலை இரண்டு முறை ஊதினாள், ஓட்டுநர் வண்டியை எடுத்தார். முருகையன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீயே ஊதிடு தாயி, நான் பின்னாடி குந்திக்கினு டிக்கெட்டு கிழிக்கிறேன்" என்றார். "அப்ப பேட்டால பாதி எனக்கு, அண்ணா" என்றாள் அதீபா. பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு முன் படிக்கட்டை அவளும் பின் படிக்கட்டை அவரும் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவள் ஊதினால் அதற்குப் பின் அவர் ஊதுவார், அவர் விசில் கேட்ட பிறகுதான் ஓட்டுநர் எடுப்பார். நாளடைவில் அதீபாவின் விசிலுக்கே ஓட்டுநர் எடுக்கத் தொடங்கினார். நேரம் மிச்சமானதால் பேருந்தில் இருந்த மாணவிகள் யாரும் அது தவறு என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சம்பவத்தன்று திருப்புதல் தேர்வின் முதல் நாள், வேதியியல். பேருந்து நிலையத்திலேயே தாமதமாகப் புறப்பட்டோம். சிக்னல் நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது முன் படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின் படிக்கட்டை ஒட்டிய சன்னலோர இருக்கையில் இருந்தேன். முருகையன் அவருடைய இருக்கையில் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் நிற்பதாக யாரோ சொன்னதால், இலவசப் பயணச்சீட்டு வாங்காத பெண்களுக்குக் கொடுப்பதற்காக வண்டியின் நடுப்பகுதிக்குப் போயிருந்தார். அவர் ஒரு பெண்ணிடம், "ஃப்ரீன்னாலும் சீட்டு வாங்கணும்மா, செக்கிங் வந்தா எனக்குத்தான் மெமோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது தமிழ்நிலா சாலையைக் கடந்து ஓடி வந்தாள். முன் பக்கம் கூட்டமாக இருந்ததால் பின் பக்கம் வந்தாள். என் சன்னலுக்குக் கீழே தட்டி, "அன்பு, எடம் கீதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிப் பக்கத்து இருக்கையிலிருந்து என் பையை எடுத்தேன். "கெமிஸ்ட்ரி புக்க எட்து வை, ஒரு தபா பாத்துக்கறேன்" என்றாள். வலது காலைப் படியில் வைத்து, வலது கையால் கம்பியைப் பிடித்தாள். இடது கையில் தேர்வுக்கான அட்டை இருந்தது. இடது கால் தரையில் இருந்தது. பேருந்து நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்த நேரத்தில் முன்பக்கத்திலிருந்து இரண்டு விசில் கேட்டது. மெமோ என்ற சொல்லை முருகையன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. அவருடைய விசில் சட்டைப் பையில் இருந்தது, அதன் சங்கிலி வெளியே தெரிந்ததைப் பார்த்தேன். அதீபாவின் விசிலுக்குள் உருண்டை இருப்பதால் சத்தம் அதிர்ந்து வரும், தினமும் காலை அணிவகுப்பில் அந்தச் சத்தத்துக்கு வரிசையில் நிற்பவள் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். அதன் பிறகு பேருந்து புறப்பட்டது. அதன் பிறகு நடந்ததை அன்றைக்கே காவலரிடம் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்லவில்லை. நான் இறங்கிப் பார்த்தபோது தேர்வு அட்டை சாலை ஓரமாகக் கிடந்தது. அதன் கிளிப்பில் செருகிய பேனா அப்படியே இருந்தது.

ஆட்டோ வருவதற்குள் சிக்னலில் நின்ற காவலர் வந்து, "யாருய்யா விசில் அடிச்சது?" என்று கேட்டார். அதீபா முன் படியிலிருந்து இறங்கி அங்கேதான் நின்றாள். விசிலைக் கைக்குள் மூடி வைத்திருந்தாள். முருகையன் அவளைப் பார்த்தார். அதன் பிறகு காவலரிடம், "வண்டில விசில் ஊதுறது என் வேலை சார். யாரு ஊதுனாலும் நான்தான் ஊதுனேன்" என்றார். காவலர் அதில் கடைசிப் பகுதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

நான் தமிழ்நிலாவுடன் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே போகும் முன்பே உயிர் போய்விட்டதாக மருத்துவர் சொன்னார். முனியம்மாள் அடையாற்றில் வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்தார். காலில் அடிபட்டிருக்கிறது என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "அன்பு, மிஸ்ஸுக்கு ஒரு போன் போட்ரும்மா. லேட்டாத்தான் வருவா, ஆப்சென்ட் போட்ற வேணாம்னு சொல்லு" என்றார். நான் உண்மையைச் சொல்லாமல் கைப்பேசியை எடுத்து எங்கள் வகுப்பாசிரியை ஸ்ரீலக்ஷ்மி அவர்களை அழைத்தேன். நான் பேசத் தொடங்கும் முன்பே அவர், "நீ எங்கேர்ந்து பேசிண்டிருக்கே? நீயும் வரலை, அவளும் வரலை. ரெண்டு பேரையும் ஆப்சென்ட்னு ஏத்தியாச்சே, இனிமே மாத்த வராதே" என்றார். முனியம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்பு அவரை உள்ளே அழைத்துப் போனார்கள்.

மறுநாள் செய்தித்தாளில், ஓடும் பேருந்தில் ஏற முயன்ற மாணவி பலி என்று வந்தது. நடத்துநரின் பெயரும், அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் அதில் இருந்தன. அந்த வாரமே பள்ளியில் ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். அதே வழிபாட்டில், இனி கேட் ஒன்பது மணி வரை திறந்திருக்கும் என்று தலைமை ஆசிரியை அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. அதன் பிறகு என்னைத் தம் அறைக்கு அழைத்து, போலீஸ் மறுபடியும் கேட்டால் பேருந்தில் பார்த்ததை மட்டும் சொல்லும்படியும், கேட் விஷயம் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றும் சொன்னார்.

அதீபா அன்று முதல் பள்ளிக்கு வரவில்லை. வாக்குமூலம் கொடுக்கும் முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாயார் சகினா கதவருகிலேயே நின்று பேசினார். "அந்த மனுஷரே ஒத்துக்கிட்டாரு. வேலையும் ஒருநாள் திரும்பக் கெடச்சுரும். எம் பொண்ணு பேரு அதுல ஏறிச்சின்னா இறங்குமா? நீ படிச்ச புள்ள, சொல்லு" என்று கேட்டார். உள்ளே இருந்து அதீபா வந்தாள். "அம்மி, அவ சொல்லட்டும்" என்றாள். அதன் பிறகு என்னிடம், "முன்படியில எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் ஊதினேன் அன்பு. பின்னாடி அண்ணன் இருப்பாருன்னு நெனச்சேன். மணி ஆயிடுச்சி, அதான். அதையும் சேத்து சொல்லு" என்றாள். அவள் சொன்னதை நான் நம்புகிறேன். அவள் நின்ற இடத்திலிருந்து பின் படிக்கட்டு தெரியாது.

ஆகவே விசிலை ஊதியது முருகையன் அல்ல, அதீபா. அவளை ஊத விட்டது முருகையன். அந்தச் சத்தத்துக்கு வண்டியை எடுத்தது ஓட்டுநர். அன்று அந்த வண்டியில் எங்கள் பள்ளி மாணவிகள் பலர் இருந்தோம், விசில் கேட்டதும் வண்டி கிளம்பிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தோம். எட்டே முக்கால் மணி விதி இல்லாமல் இருந்தால் அதீபா இன்னும் சற்று நேரம் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், இதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். நேற்று எங்கள் வகுப்புக்கு ஹால் டிக்கெட்டுகள் வந்தன. தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப்பட்டியல் அக்டோபர் மாதமே அனுப்பப்பட்டு விட்டதாம். வருகை குறைந்தவர்கள், திருப்புதல் தேர்வை எழுதாதவர்கள் உட்பட எல்லோருக்கும் வந்திருக்கிறது. அதீபாவுக்கும் வந்திருக்கிறது. தமிழ்நிலாவுக்கும் வந்திருக்கிறது. அக்டோபரில் படம் எடுத்த அன்று, கண்ணைச் சிமிட்டிவிட்டதாகச் சொல்லி, "ஹால் டிக்கெட்ல தூங்கறவ மாரி கீறப்போறேன் பாரு" என்று அவள் வருத்தப்பட்டாள். ஸ்ரீலக்ஷ்மி மிஸ் அதை மேசை இழுப்பறைக்குள் வைக்கும் முன் வாங்கிப் பார்த்தேன். அவள் கண் திறந்துதான் இருக்கிறது.

நான் சொன்னதை உதவி ஆய்வாளர் எழுதி, எனக்கும் என் தாயாருக்கும் படித்துக் காட்டினார். அதில் ‘ஓடும் பேருந்தில் ஏற முயன்றபோது’ என்று எழுதியிருந்ததை, ‘நின்றிருந்த பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தபோது’ என்று மாற்றும்படி கேட்டேன், என் முன்னிலையில் அடித்துத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் அருகிலும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இதில் உள்ளவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னவை, நான் அறிந்தவரை உண்மையானவை.

(ஒப்பம்) க. அன்புச்செல்வி