இரண்டு நோனிகள்

அந்த இயந்திரத்தை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் என் பேச்சைவிடக் கடற்காற்றுதான் அதிகம் பதிவாகும். இங்கே, தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். மார்லீனுக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, அதனால் உங்களை அனுப்பியிருக்கிறாள். நியாயம்தான். நான் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் ஊரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

என் பெயர் மாலக்கி டால்ட்டி. எண்பத்திரண்டு வயது. முப்பது வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் பக்கத்தில் ஒருமுறை வாத்தியாரானால் சவப்பெட்டிக்குள் போகும்வரை வாத்தியார்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். ஓய்வு பெற்றதும் பங்குச் சாமியார் கோயில் பதிவேடுகளை என்னிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முப்பாட்டன் எந்த வீட்டிலிருந்து கப்பலேறினான் என்று கேட்பார்கள். நான் கண்டுபிடித்துக் காட்டுவேன். கூரையில்லாத நாலு சுவரைத் தொட்டுக்கொண்டு ஆறடி ஆண்பிள்ளைகள் விசும்பி அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

சுலபமான வேலை இல்லை. எங்கள் ஊரில் பெயர்களுக்குப் பஞ்சம். பாதி ஊர் மேரினன், மீதி ஊர் டால்ட்டி. போதாக்குறைக்கு, முதல் மகளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் என்று ஒரு வழக்கம். அண்ணன் தம்பி நாலு பேருக்குக் கல்யாணமானால் நாலு வீட்டிலும் ஒரே பெயரில் ஒரு பெண் இருப்பாள். அதனால்தான் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர். சிவந்த முடிக்காரர்கள் சிவப்பு மேரினன். படகு வைத்திருந்தவர்கள் படகு மேரினன். இந்தப் பட்டப்பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. என் மண்டைக்குள்தான் இருந்தது. வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றிரண்டு ஜூலையில் மார்லீன் வந்தாள். முப்பத்தேழு வயது, மில்வாக்கியில் பல் மருத்துவரிடம் வேலை. இரண்டு வயதில் கன்னியர் இல்லத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவள்; மார்லீன் என்பது அங்கே வைத்த பெயர். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்களை அந்தக் காலத்தில் எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் கையில் ஒரே ஒரு தாள். குழந்தை பெர்னடெட், பிறந்தது ஐம்பத்து நாலு டிசம்பர் எட்டு. தாய் ஹொனோரா மேரினன், வயது பத்தொன்பது, எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள். அவ்வளவுதான்.

ஹொனோராவை நாங்கள் நோனி என்போம். பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்தைந்தாம் வருடப் பக்கத்தில் ஒரு ஹொனோரா மேரினன் இருந்தாள், படகு வீட்டுப் பெண். பதினெட்டு வயதில் லண்டன் போவதாகச் சொல்லிப் போனவள். லண்டன் என்று சொல்லிவிட்டுக் கன்னியர் இல்லத்துக்குப் போன பெண்கள் எங்கள் காலத்தில் நிறைய. அறுபதில் நுரையீரல் கெட்டுச் செத்து, பெட்டியில் திரும்பி வந்தாள். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கப்பலேறிவிட்டார்கள். இல்லை என்று சொல்ல ஆளில்லை. எல்லாம் பொருந்தியது. நான் பதிவேட்டை மூடினேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. ஐந்து வாரம் கழித்து ஞானஸ்நானம் பெற்ற இன்னொரு ஹொனோரா மேரினன் அங்கே இருந்தாள். சிவப்பு வீட்டு நோனி. அவள் இருப்பது எனக்குத் தெரியாதா? பள்ளியில் என்னைவிட ஒரு வகுப்புக் கீழே படித்தவள், கோயில் பீடத்துக்குப் பூ வைக்கிறவள், ஒரு நாள் பூசை தவறாதவள். ஐம்பத்து நாலில் கார்க் நகரத்துச் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டரை வருடம் போய் இருந்துவிட்டு வந்தாள். அவளைப் பற்றி அப்படி நினைக்கவே மனம் கூசும். அதனால் நினைக்கவில்லை. இதுவரை நடந்தது பிழை மட்டும். யாருக்கும் வரும்.

மார்லீனைப் படகு நோனியின் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். துருப்பிடித்த இரும்புச் சிலுவையைப் பார்த்தாள். "இவ்வளவு நாளா இங்க தனியாவா கிடந்தாங்க?" என்று கேட்டுவிட்டு ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டே மாதத்தில் கருங்கல் வந்தது, அதை நடுவதற்கு அவளும் மறுபடி வந்தாள். 'ஹொனோராவுக்கு, கடல் கடந்து தேடி வந்த மகள்' என்று வெட்டியிருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் நானும் அவளும் நிற்கும் படம் மாவட்டப் பத்திரிகையில் வந்தது; அவளுடைய பழைய பெயரோ பிறந்த தேதியோ அதில் இல்லை. கடைக்குப் போனால் கறிக்கடைக்காரன், "என்ன வாத்தியாரே, செத்தவங்களுக்கே பிள்ளை கண்டுபிடிச்சுக் குடுக்கிறீங்க" என்றான்.

அந்த அக்டோபரில் சிவப்பு நோனி என் பதிவேட்டு அறைக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, படகு நோனி கல்லைப் பாத்தேன்."

"நல்லா வெட்டியிருக்கான்" என்றேன்.

"அவ செத்து முப்பது வருஷம் ஆச்சு. அவளையே ஒரு பொண்ணு தேடி வந்திருக்கு. நான் உயிரோட இருக்கேன்." கொஞ்ச நேரம் கைப்பைக் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஒண்ணு இருக்கு. பெர்னடெட்னு பேரு வெச்சேன். டிசம்பர் எட்டு, மாதா திருநாள் அன்னிக்குப் பொறந்துச்சு. ரெண்டு வருஷம் நான்தான் பால் குடுத்து, துணி துவைச்சு வளத்தேன். ஒரு நாள் காலைல தொட்டில்ல இல்ல. அமெரிக்காவுக்குக் குடுத்துட்டாங்களாம். யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். தேடிக் குடுப்பீங்களா?"

மார்லீனின் கடிதம் என் கைக்கு எட்டும் தூரத்தில், மேசை இழுப்பறைக்குள் இருந்தது. முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. இழுப்பறையைத் திறந்திருந்தால் போதும். என்ன சொல்லியிருக்க வேண்டும்? நோனி, நான் தப்பு பண்ணிவிட்டேன், அந்தக் கல் உன் மகள் வைத்த கல் என்று. ஒரே ஒரு வாக்கியம். "எழுதிக் கேட்கிறேன்" என்றேன்.

அவமானம்தான் காரணம் என்று உங்களுக்குத் தோன்றும். நான் அப்போது வேறு காரணங்கள் வைத்திருந்தேன். கல் வெட்டியாயிற்று. மார்லீன் ஒருமுறை அழுது ஓய்ந்துவிட்டாள், மறுபடி ஏன் கலைக்க வேண்டும்? நோனிக்கு ஊரில் நல்ல பெயர், அதை ஏன் கெடுக்க வேண்டும்? காரணம் தேடுகிறவனுக்குக் கரண்டி கரண்டியாகக் கிடைக்கும்.

ஆனால் அவள் விடவில்லை. திங்கட்கிழமை தவறாமல் வந்தாள். "ஏதாவது பதில் வந்துச்சா?" வாசலில் நின்றபடியே கேட்பாள், உள்ளே வந்தால் எனக்குத் தொந்தரவு என்று. "இல்ல நோனி" என்பேன். "பரவால்ல, அமெரிக்கா பெரிய ஊருல்ல" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாள். இருபத்து மூன்று திங்கட்கிழமை. என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஒரு கடிதம் தயாரித்தேன். என் கையெழுத்தை ஊரே அறியும், அதனால் தட்டச்சில் அடித்தேன். ஒஹையோவில் ஒரு பங்குச் சாமியார் எழுதியதாக. பெர்னடெட் என்ற குழந்தை நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்து இறந்தது, ஐம்பத்தொன்பது மார்ச் மூன்று, துன்பப்படவில்லை. துன்பப்படவில்லை என்று சேர்த்தது கருணையால்தான். அவள் சமையலறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. அடுப்புக்குக் கரி போட்டாள். பிறகு கேட்டாள், "அவங்க நல்ல துணி போட்டுப் புதைச்சிருப்பாங்களா?"

"வெள்ளைத் துணி" என்றேன். கடிதத்தில் அது இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது.

அதன்பின் ஒவ்வொரு மார்ச் மூன்றாம் தேதியும் அவள் பூசை சொல்ல வைத்தாள், யாருக்கென்று பெயர் சொல்லாமல், 'ஒரு தனிக் கருத்துக்காக' என்று. நானும் போவேன், பின்வரிசையில் முழங்காலிடுவேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "பொய் சொன்னேன் சாமி" என்றேன். எத்தனை முறை என்று கேட்டார். ஒருமுறை என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

மார்லீன் ஒவ்வொரு வருடமும் கல்லறை ஞாயிறுக்கு வந்தாள். ஜூலைக் கடைசி ஞாயிறு, கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. ஊரில் எல்லாரும் அவரவர் குடும்பக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள், சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். மேரினன்கள் எல்லாரும் ஒரே வரிசை. படகு வீட்டுக் கல்லுக்கு மார்லீன், நாலடி தள்ளிச் சிவப்பு வீட்டுக் கல்லுக்கு நோனி. டால்ட்டிகளின் இடம் மதிலோரம், அங்கிருந்து இரண்டு பேரும் எனக்கு நன்றாகத் தெரிவார்கள். ஒரு வருடம் பூசை நடுவே மழை கொட்டியது.

"இந்த ஊர் மழைக்கு வேற வேலையே கிடையாதா?" என்றாள் மார்லீன்.

"இதுவா மழை? எங்க ஊர் வெயிலே இப்படித்தான் இருக்கும். வா, குடைக்குள்ள வா அமெரிக்காக்காரி. நனைஞ்சா உங்கம்மா எந்திரிச்சு வந்து என்னைத்தான் திட்டுவா."

நோனியும் மார்லீனும் ஒரு குடைக்குள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஒருத்தி உயிரோடு இருக்கும் தாயைச் செத்தவளாக நினைத்து வேண்டிக்கொண்டிருந்தாள். மற்றவள் பக்கத்தில் நின்ற மகளின் ஆன்ம சாந்திக்காக ஜெபமாலை உருட்டினாள். போய்ச் சொல்லு, போடா, போய்ச் சொல்லு என்று எனக்குள் ஒருவன் கத்தினான். பூசை முடியட்டும் என்றேன். முடிந்தது. அடுத்த வருடம் ஆகட்டும் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை கேட்டிருப்பீர்கள். மறைப்பது பெரிய காரியமில்லை, தினமும் அதே இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் பாடு. பத்து வருடம் சாப்பிட்டேன்.

எப்படி வெளிவந்தது என்று உங்களுக்கே தெரியும். போன கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு நோனியின் தம்பி மகன் வேடிக்கைக்கு எச்சிலைக் குழாயில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினான். மார்லீனும் எப்போதோ அனுப்பியிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்று வந்தது. இரண்டு நோனிகளின் அப்பாக்கள் அண்ணன் தம்பி; படகு வீட்டு மகள் என்றால் ஒரு தலைமுறை தள்ளி வந்திருக்க வேண்டும். மார்லீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். "உங்களுக்கு எப்ப தெரியும் வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டாள். "முதல் வருஷ அக்டோபர்" என்றேன். வைத்துவிட்டாள். நோனி போய் அதற்குள் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

இப்போது உங்கள் கையிலிருக்கும் தாளுக்கு வருகிறேன். மார்லீன் ஒரு கேள்விதான் எழுதி அனுப்பியிருக்கிறாள் என்றீர்கள். நோனி இறந்த நாளில் தன் பழைய பெயரை யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டது போல் கேட்டது, அது நிஜமா, பிரமையா என்று. சொல்கிறேன்.

அது கல்லறை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி, மதியம் மூன்று மணி இருக்கும். நோனிக்குக் குடலில் புற்று, ஆஸ்பத்திரி வேண்டாமென்று வீட்டிலேயே கிடந்தாள். எங்கள் வழக்கப்படி ஊர்ப் பெண்கள் கீழே சமையலறையில் கூடியிருந்தார்கள். மார்லீன் அன்று காலைதான் வந்திறங்கியவள், அவளும் கை கொடுக்கப் போய்விட்டாள். மாடியில் நோனிக்குப் பக்கத்தில் உட்காரும் முறை என்னுடையது. கதவு திறந்திருந்தது. கீழே ஒரு சிரிப்புச் சத்தம்.

"யாரு சிரிக்கிறது?" என்றாள் நோனி.

"அமெரிக்காக்காரி. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிட்டிருக்கா."

"பாவம், விருந்தாளியைப் போய் வேலை வாங்குறாளுங்க. நல்ல பொண்ணு. படகு நோனி குடுத்து வெச்சவ." மூச்சு வாங்கினாள். "எனக்கு ஒண்ணும் பயமில்ல வாத்தியாரே. எம்பொண்ணு அங்க காத்திட்டிருக்கா. ரெண்டு வயசுல விட்டது. என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு?"

"தெரியும்" என்றேன்.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "பெர்னடெட்" என்று கூப்பிட்டாள். முதலில் மெதுவாக. பிறகு வயலில் நிற்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, நீட்டி, உரக்க. "பெர்னடெட், அம்மா வரேன்டி."

கீழே பேச்சு நின்றது. படிக்கட்டின் அடியில் காலடிச் சத்தம். மார்லீன்தான்.

"என்னையா கூப்பிட்டீங்க?"

நோனியின் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்தாள். "கேட்டீங்களா வாத்தியாரே, பதில் சொல்றா."

"ஆமா நோனி, சொல்றா" என்றேன். பிறகு அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.