நாலு மூலைக்கும் சந்தனம்

– கேட்டுக்கோ பூங்காவனம். இந்தக் கேமராவ உள்ளும் புறமும் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ரெண்டே பேருதான். ஒருத்தன் ஜப்பான்ல இருக்கான். அவனுக்கும் இப்ப வயசாயிடுச்சு.

– நான் ஒண்ணும் சொல்லலீங்க. சேத்துப்பட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை மூஞ்சி மேல வெள்ளையா அடிச்சுதே, அத அந்த ஜப்பான்காரன்தான் எடுத்தானா?

– அது கேமரா கோளாறு. போட்டோகிராபர் கோளாறு இல்ல.

– ஒரு படம்னா பரவால்ல. எல்லாப் படத்துலயும் ஓரத்துலேர்ந்து வெள்ளைக் கோடு. 'தாலி கட்னது எம்புள்ளயா, ட்யூப்லைட்டா?'னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க.

– அந்தம்மாவுக்கு சயின்ஸ் தெரியாது.

– எங்கப்பாவுக்குந்தான் தெரியாது. நாளைக்கு சேவூர்ல என் தங்கச்சி கல்யாணம். சாயங்காலத்துக்குள்ள இது சரியாவலன்னா வேலூர்லேர்ந்து ஆளக் கூப்புடுறேன்னுட்டாரு.

– என்னது? மாமனார் வூட்டுக் கல்யாணத்துல எவனோ பிளாஷ் அடிப்பான், நான் பந்தியில உக்காந்துகினு அப்பளம் நொறுக்கணுமா? அப்பறம் ஜெகநாதன் ஸ்டூடியோ போர்ட கழட்டி எடைக்குப் போட வேண்டியதுதான்.

– அதான் ஜல்தியா பாருங்கங்கறேன்.

– பாத்துட்டேன். இந்த நெகடிவ்வ ஜன்னல்ல காட்டிப் பாரு. கோடு படத்தோட நிக்காம பிலிம் விளிம்பு வரைக்கும் ஓடுது. லென்ஸ் வழியா வந்த வெளிச்சம்னா படத்துக்குள்ளயே நிக்கும். அப்ப கோளாறு எங்க? பின்னாடி கழட்டி மாட்டுறமே, இந்த பிலிம் டப்பாவுல. எங்கியோ வெளிச்சம் ஒழுவுது.

– எங்கன்னுதான் தெரியல.

– மூடியச் சுத்திப் புது வெல்வெட் ஒட்டினேன். பிலிம மறைக்கிற தகடு சொருவுற சந்துலயும் மாத்தினேன். ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பாத்தா, அதே கோடு.

– ரோல்ல யார எடுத்தீங்க?

– உன்னத்தான். வாயத் தொறந்துகினு தூங்கிகினு இருந்தே.

– ஐயே! அத மொதல்ல கிழிங்க. ஆமா, இந்தக் கோடு எப்பலேர்ந்து வருது?

– ஆயுத பூஜை முடிஞ்சதுலேர்ந்து.

– பூஜையன்னிக்கு என்ன பண்ணீங்க?

– பண்ணலயே, அதானே விசேஷம்! நீ சந்தனக் கிண்ணத்தத் தூக்கிகினு வந்தே. 'மிஷினுக்கு என்னாடி நெத்தியா இருக்குது, பொட்டு வெக்க? நாளைக்கு டிரைபாடுக்கு மெட்டி போடுவியா?'ன்னு கேட்டேன். நீ கெளம்பினதும் பழைய பொட்டெல்லாம் ஸ்பிரிட்டு போட்டு சுரண்டி எடுத்தேன்.

– நான் ஒண்ணும் சொல்லலீங்க.

– சொல்லாமயே மொறைக்கிற பாரு. இந்தா, பேனா டார்ச்ச டப்பாக்குள்ள வெச்சு மூடிட்டேன். டார்க் ரூமுக்குள்ள வா, கதவச் சாத்து. செவப்பு பல்பையும் அணை. எங்கியாவது வெளிச்சம் கசியுதா?

– ஒண்ணும் தெரியல.

– கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்.

– ஏங்க, இதோ! கீழ் மூலையில. மொளகு சைசுக்கு.

– எங்க? அட ஆமா! ஸ்க்ரூ கழண்டு விழுந்த ஓட்டை. லைட்டப் போடு. எந்தக் காலத்துல விழுந்துச்சோ தெரியல. ஓட்டையச் சுத்தி மஞ்சளா என்னமோ ஒட்டிகினு இருக்குது.

– மோந்து பாருங்க.

– ...சந்தனம்.

– எங்க வூட்ல தறிக்கு நாலு மூலைக்கும் வெப்போம். அந்தப் பழக்கத்துல வருஷா வருஷம் இதுக்கும் வெச்சேன். மேல மேல வெச்சு கல்லாட்டம் இறுகியிருந்துச்சு. அதாங்க இத்தினி நாளா ஓட்டைய அடைச்சுகினு இருந்திருக்குது.

– இது தற்செயல். சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

– நான் சாமின்னே சொல்லலியே. ஸ்க்ரூ போடுங்க.

– அதுக்கு மெட்ராஸ் போவணும்.

– கருப்பு டேப்பு?

– அந்த மூலையிலதான் கொக்கி மாட்டுது. டேப்பு ஒட்டினா டப்பா கேமராவுல உக்காராது.

– மெழுகு?

– மண்டபத்துச் சூட்டுல உருகி உள்ள எறங்கிடும். ஓட்டைக்குள்ளயே கெட்டியா காயணும், உருகக் கூடாது, அப்பறம் சுரண்டவும் வரணும். அப்பேர்ப்பட்ட ஒரு பொருளு...

– பேரச் சொல்லட்டுமா?

– வேணாம்.

– சரிங்க.

– பூங்காவனம்.

– ம்?

– கொஞ்சம் கெட்டியா எழைச்சு எடுத்துகினு வா.

– எத்த?

– அதான்... அந்த அடைக்கிற சாமான.

– ஓட்டை ஒண்ணுதானே, ஒரு மூலைக்குப் போதுமில்ல?

– நாலு மூலைக்கும் ஆவுற மாதிரி எழை. வெயிட்டு சமமா இருக்கணும்.

– அதுவும் சயின்ஸா?

– ஆமா.

– இந்தாங்க கிண்ணம். குங்குமமும் வெச்சிருக்கறேன், வேணாம்னா ஓரமா வெச்சிடுங்க.

– இருக்கட்டும். குடு, நானே வெக்கறேன்.

– வெய்யிங்க, வேணாங்கல. செருப்ப எதுக்குக் கழட்டுறீங்க?

– கால் வேர்க்குது.