இயந்திரத்தில் பழுதில்லை

தண்ணீர் நிறையக் குடியுங்கள், சார். ஈப்போ வெயிலில் நாள் முழுக்கத் தே தாரிக் தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் சிறுநீரகத்தில் கல் வரத்தான் செய்யும். அப்படி வந்தவர்களால்தான் என் பிழைப்பு ஓடியது.

என் பெயர் கோகிலன். கல்லை உடைக்கும் லேசர் இயந்திரத்தைச் சில மருத்துவமனைகள் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கும். அதை வேனில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை அறையில் அதன் பக்கத்தில் நின்று, மருத்துவர் சொல்லும் எண்களை வைப்பது என் வேலை. எண்கள் இரண்டு. ஓர் அடிக்கு எவ்வளவு பலம், நொடிக்கு எத்தனை அடி. பலமாக, நிதானமாக அடித்தால் கல் துண்டுதுண்டாகும். மெல்ல, வேகமாக அடித்தால் மாவு போலாகும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டைக் கொண்டுபோக உள்ளே தண்ணீர் ஓட வேண்டும். சிறுநீர்க்குழாய் குறுகலானது. அங்கே தண்ணீர் குறைந்தால் சதை வெந்துவிடும். நோயாளி மயக்கத்தில் இருப்பதால் அவருக்குத் தெரியாது. பிறகும் பெரிதாக வலிப்பதில்லை. வெந்த இடம் தழும்பாகி அடைத்துக்கொள்ளும். மேலே இருக்கும் சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இதை டாக்டர் பிரஷாந்தனிடம் ஒருமுறை சொன்னேன். அன்று அவர் இரண்டு எண்களையும் உயர்த்தச் சொல்லியிருந்தார்.

"டாக்டர், தண்ணி பத்தாது. சூடாயிடும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். "தம்பி, நீர் பாதியில விட்ட படிப்பை முடிச்சிட்டு வாரும். பிறகு கதைப்பம்."

தாதி குமுதா சிரித்தார். "மெசின தள்ளிட்டு வந்தியா, அதோட நில்லு லா."

அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குப் பிரச்சினை.

நான் சொன்னது தவறல்ல. ஆனால் ஒன்றும் ஆகாதவரை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஆகும்படி செய்தேன். மருத்துவர் எண்களைச் சொல்வார், நான் உரக்கத் திருப்பிச் சொல்வேன், அவர் லேசரை இயக்கும் மிதியை மிதிப்பார். அதுதான் முறை. அவர் கண் நோயாளியின் உட்புறத்தைக் காட்டும் திரையில் இருக்கும், என் இயந்திரத்தின் மேல் இருக்காது. ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றை வைத்தால் கவனிக்க ஆளில்லை. அடியின் சத்தம் மாறும்தான். ஆனால் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்வது டாக்டரின் பழக்கம்.

முதலில் வேறு சிலரிடம் செய்தேன். தாப்பாவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர். வீணாயிற்று. ஒரு சிறுநீரகம் போனாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. போனது அவர்களுக்கே தெரியாது. ஆசிரியர் நன்றி சொல்ல டாக்டருக்கு டுரியான் பழம் கொண்டுவந்தார்.

அதனால்தான் செல்லாயி.

செமோர் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியதன் குழாயில் கல். மேசையில் படுக்கவைத்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எந்தத் தோட்டத்துப் பிள்ள நீ?"

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம பக்கம்தான் லா! அப்ப பயமில்ல. இருக்கிறது ஒன்னுதாம்பா. பாத்துச் செய்யச் சொல்லு டாக்டர்கிட்ட."

"சொல்றேன்க்கா," என்றேன்.

டாக்டர் அன்று கவனமாகவே இருந்தார். கல் மேலே ஓடிவிடக் கூடாதென்று தண்ணீரைக் குறைத்தார். அதற்கேற்ப எண்களையும் குறைத்தார்.

"பாயிண்ட் எட்டு, பத்து."

"பாயிண்ட் எட்டு, பத்து, டாக்டர்."

இரண்டையும் ஏற்றி வைத்தேன். "இண்டைக்கு நல்லா உடையுது," என்றார். மிதித்தது அவர் கால். மிதியை நான் தொட்டதே இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் செல்லாயி கால் வீங்கி வந்தார். குழாய் அடைத்திருந்தது, சிறுநீரகம் போய்விட்டது. இப்போது இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்வருகிறார். இனி எப்போதும் போக வேண்டும்.

நான் எதிர்பார்த்தபடி விசாரணை வந்தது. முடிவுதான் நான் எதிர்பார்த்தபடி இல்லை. டாக்டர் சரியான எண்களைச் சொன்னார், நான் அதையே திருப்பிச் சொன்னேன், இரண்டையும் குமுதா காதால் கேட்டிருக்கிறார். ஆகவே இயந்திரத்தில் பழுது என்று எழுதி முடித்தார்கள். டாக்டரை ஒரு சொல் சொல்லவில்லை.

அந்த இயந்திரத்தைத் துடைத்துச் சரிபார்த்து வைத்திருந்தவன் நான். அதற்கு ஒரு நாளும் பழுது வந்ததில்லை. நானாகவே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தது அதைச் சொல்லத்தான், மன்னிப்புக் கேட்க அல்ல.

செல்லாயியை நினைத்து வருத்தம் இல்லையா என்கிறீர்கள். தோட்டத்து மக்களுக்காகப் பேச அந்த அறையில் என்னைத் தவிர யார் இருந்தார்கள்? டாக்டர் சொன்ன எண்களை வைத்திருந்தால் அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்திருப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சூடு என்ன செய்யும் என்று இவர்கள் ஒருவருக்கும் உறைத்திருக்காது. இனி அந்த மேசையில் படுக்கப் போகிறவர்களை எல்லாம் நான்தான் காப்பாற்றியிருக்கிறேன்.