கையால் அழுத்தும் காப்பி

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெண், பக்கத்திலிருந்த தன் அக்காவிடம், “ஒரு மிஷின் மேல பொறாமப்படுற அளவுக்கு வந்துட்டேன்க்கா” என்றாள்.

“இன்னா மிஷின்டி?”

“அவரு எஸ்பிரஸோ காப்பி போட வாங்குனாரே, பிடியக் கையால அமுக்குறது. காலையில எழுந்து அதத் தொடச்சிக்கினு, சுடுதண்ணி ஊத்தி சூடு பண்ணிக்கினு, அதுங்கிட்டயே நிக்கிறாரு. நான் ஜொரத்துல கெடந்தப்ப நெத்தியத் தொட்டுப் பாக்கல.”

“உனக்கும் போட்டுக் குடுப்பாரு இல்ல?”

“குடுப்பாரு. நல்லாருக்குன்னு சொல்றேனான்னு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பாரு. அப்ப மட்டுந்தான் பாப்பாரு.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நேத்து அவரு சங்கராபுரம் போயிருந்தாரு. நானே கொட்டைய அரச்சிப் போட்டு, மெதுவா அமுக்குனேன். தேனாட்டம் எறங்குச்சி. அவரு போடுறதவிட ருசி.”

“அவருகிட்ட சொன்னியா?”

“இல்லக்கா. கழுவித் தொடச்சி, இருந்த மாதிரியே வெச்சிட்டேன்.”

“ஏண்டி?”

“சொன்னா, இனிமே நீயே போட்டுக்கோன்னுடுவாரு. அப்புறம் எப்பதான் என் மூஞ்சியப் பாப்பாரு?”