முன்னிலையில் இருக்கும்போது யாரும் எழக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, நான் பந்துப் பைத்தியம் இல்லை. முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு காலை எட்டு மணிக்கே மைதான வாசலில் பீரும் கையுமாக நிற்கிற கூட்டம் வேறு. நான் முப்பத்து நான்கு வருஷம் இந்த ஊரில் மருந்துக்கடை நடத்தியவன். உங்கள் அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரையை எண்ணிக் கொடுத்தவன் நான்தான். ஆகவே நிதானமாகவே பேசுகிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கோர்லி கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஏன் இப்படி நாசமாய்ப் போயிற்று என்று கேட்டால், முடிவெட்டுகிறவர் முதல் பாதிரியார் வரை ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். மூன்று முறை நாட்டிலேயே முதலிடம் பிடித்த அணி. கடைசியாக 1987இல். அதற்குப் பிறகு பதினோரு பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். எண்பதாயிரம் பேர் உட்கார்ந்த மைதானத்தில் இன்று மேல் வரிசைகளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மேதைகளோ இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நிஜப் புல்லை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் புல் போட்டதுதான் காரணம் என்று உயர்நிலைப் பள்ளி முதல்வர் ஒருவர் என் கடையில் நின்று அரை மணி நேரம் பேசியிருக்கிறார். நாலு பட்டம் வாங்கியவர். கேட்டுக்கொண்டே அவருடைய இருமல் மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு என் வீட்டு டிவி அறையில் எப்போதும் மூன்று பேர். நான், என் தங்கை நோரீனின் கணவன் மெர்ல் ஸ்டக்கி, காப்பீட்டு முகவர் கர்ட் ஹோல்செட். பக்கத்துச் சமையலறையில் நோரீன். கர்ட்டுக்கு ஐம்பது வயது. புள்ளிவிவரங்களை அச்சடித்துக்கொண்டு வருவான். மெர்ல் பண்ணை வீடுகளுக்கு காஸ் டாங்க் நிரப்புகிற வியாபாரம் செய்தவன். இருவரும் வாரம் தவறாமல் ஒரே சண்டையைப் போடுவார்கள்.

"டில்லார்ட வீட்டுக்கு அனுப்பினாங்க பாரு, அன்னைக்கே போச்சு மச்சான்," என்பான் மெர்ல். ரஸ் டில்லார்ட் அந்த மூன்று கோப்பைகளையும் வாங்கித் தந்த பயிற்சியாளர்.

"அட போங்கண்ணே. அந்த மனுஷன் கடைசி ரெண்டு வருஷம் மைதானத்துலயே நின்னுக்கிட்டுத் தூங்கினாரு. எல்லாம் பணம். உருப்படியா ஒரு பையன் தேறினா அடுத்த வருஷமே பெரிய கல்லூரிக்காரன் கொத்திக்கிட்டுப் போயிடறான்," என்பான் கர்ட்.

"டில்லார்டப் பத்தி நீ பேசாத. அப்ப நீ மூக்கு ஒழுகிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த."

"மூக்கு ஒழுகினாலும் கண்ணு தெரிஞ்சுது."

இதைத்தான் இவர்கள் விவாதம் என்பார்கள். நான் வாயே திறந்ததில்லை. காரணம் எனக்குத் தெரியும். அது என் வீட்டிலேயே, என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது.

1988, நவம்பர், பென்ஃபீல்டுக்கு எதிரான ஆட்டம். பென்ஃபீல்டை எப்படி வெறுக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் நான்கு புள்ளி முன்னிலை. நாற்பது நொடி பாக்கி. அந்த நேரத்தில் மெர்ல் எழுந்து சமையலறைக்குப் போனான். இறைச்சி உருண்டை எடுத்துவர. அவன் தட்டோடு திரும்பி வருவதற்குள் பென்ஃபீல்டுக்காரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். அன்றைக்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம், பென்ஃபீல்டை ஒரு முறைகூட நாங்கள் ஜெயித்ததில்லை. ஒரு மனிதனால் நாற்பது நொடி தன் பின்புறத்தை நாற்காலியில் வைத்திருக்க முடியவில்லை. எனக்கு அவன் மேல் இருந்தது கோபம் இல்லை தம்பி. அருவருப்பு.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு விதி. கோர்லி முன்னிலையில் இருக்கும்போது யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது. கழிப்பறைக்கும் கிடையாது. நோரீனுக்குச் சமையலறை ஸ்டூல், அவள் கதவைத் திறக்கக் கூடாது. நான் ஒரு நாளும் மெர்லைத் திட்டியதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரே ஒரு முறை, உணவு மேஜையில், எல்லோர் எதிரிலும் அந்த நாற்பது நொடியைப் பற்றிச் சொல்வேன். முதல் பத்து வருஷம் அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு வந்த வருஷங்களில் நான் தொடங்குவதற்கு முன்பே தலையைக் குனிந்துகொள்வான். அவனும் நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் இரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. கடைசிக் கால்பகுதியில் நாங்கள் இருபத்து நான்கு, பென்ஃபீல்ட் இருபது. ஒன்பது நிமிஷம் பாக்கி. ஆட்டக் கடிகாரத்தில் ஒன்பது என்றால் சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் ஓடும், அது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் மெர்லின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றியில் வேர்வை. இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான், பிறகு தாடையை.

எனக்குப் புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவுன்டருக்கு எதிரில் நின்ற எத்தனையோ பேரை, இதே குறிகளைப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் இருந்த அலமாரி என் நாற்காலியிலிருந்து ஆறு அடி தூரம்.

"மச்சான், என்னமோ மாதிரி இருக்கு. வெளிய போய்க் கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்," என்றான்.

"உக்காரு மாப்ள."

"நெஞ்ச அடைக்குதுடா. நோரீனக் கூப்பிடேன்."

"எண்பத்தெட்டுல உன்னால நாப்பது நொடி உக்கார முடியல. இன்னைக்கு ஒன்பது நிமிஷம் உக்காரு."

அவன் பாதி எழுந்திருந்தான், இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி. நான் அவனைத் தொடவில்லை. வேண்டுமானால் அந்த அறையை அளந்து பாருங்கள், வாசல் அவனுக்குத்தான் பக்கம். என்னைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

"இன்னைக்கு ஜெயிச்சுட்டா என்னை விட்டுருவியா மச்சான்? இனிமே அதப் பேச மாட்டியே?" என்று கேட்டான்.

"பேச மாட்டேன்," என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை நான்.

கர்ட் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். "அண்ணே, அவரு மூஞ்சி சரியில்லையே," என்றான். வெறும் அஜீரணம், உன் இடத்தில் இரு என்றேன். மருந்துக்கடைக்காரன் சொல்கிறான் என்று நம்பி அவன் மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். அவன்மேல் வழக்குப் போடாதீர்கள். அவனுக்கு அவ்வளவுதான் மூளை.

மெர்லின் செல்போன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மேஜையில் கிடந்தது. ஏழு நிமிஷம் பாக்கி இருந்தபோது அவன் கை அதைத் தேடி வந்தது. எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எட்டுகிற தூரம்தான், நான் எழ வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிஷம் இருந்தபோது நம் பையன்கள் பென்ஃபீல்டை ஒரு அடிகூட நகரவிடாமல் நிறுத்தினார்கள். அதைப் பார்த்து மெர்ல் சிரித்தான், அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அவன் மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. இரண்டரை நிமிஷம் பாக்கி இருக்கையில் அதுவும் இல்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

"அண்ணே, அவரு சத்தத்தையே காணோமே," என்று சமையலறையிலிருந்து நோரீன் கேட்டாள்.

"அசந்து தூங்குறாரு. கதவத் திறக்காத."

"பென்ஃபீல்ட் ஆட்டத்துலயா? அவரா தூங்குவாரு?"

என் தங்கைக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. ஒரு நிமிஷம் பதினெட்டு நொடி பாக்கி இருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வந்தவள் அவன் கன்னத்தைத் தட்டினாள், சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள். கர்ட்டும் எழுந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஓடினான். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பருவம் முழுக்க ஒரு தடவைகூடப் பந்தை நழுவவிடாத நம் பையன் அந்த ஆட்டத்தில், அந்த வினாடியில், நழுவவிட்டான். பென்ஃபீல்டுக்காரன் பொறுக்கிக்கொண்டு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினான், அதற்கு ஏழு புள்ளி. இருபத்தேழுக்கு இருபத்து நான்கு.

மெர்ல் சொன்னதும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் உட்காரச் சொன்னேன், தெரிந்தேதான் போனை எடுத்தேன், தெரிந்தேதான் அவளிடம் தூங்குகிறான் என்றேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அடக்கத்துக்கு நான் வரக் கூடாது என்று நோரீன் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவளை மன்னிக்க நான் தயாராகவே இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். மெர்ல் கடைசிவரை எழவில்லை, தன் பங்கை ஒழுங்காகச் செய்தான். இன்னும் ஒரு நிமிஷம் பதினெட்டு நொடி அவள் அந்த ஸ்டூலில் இருந்திருந்தால், என் மாப்பிள்ளை வீணாகச் செத்திருக்க மாட்டான்.