மேடத்துக்குப் பதினோரு நிமிடம்

மாலை ஆறு நாற்பது. ஓடுகிறோம். ஹாலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடி. மேடம் முன்னால். நான் பின்னால். ஒரு கையில் மெத்தை, ஒரு கையில் மாத்திரை டப்பா. தெருவிலிருந்து கத்தல். “ஏய் தள்ளு! பத்த வெச்சாச்சு! தள்ளு, தள்ளு!” கதவைச் சாத்துகிறேன். வெடிக்கிறது. வாளியில் தண்ணீர் நடுங்குகிறது. கதவின் கீழ்ச் சந்தில் மெத்தையைச் செருகுகிறேன். அடுத்தது. அடுத்தது. பிறகு சரவெடி. நாற்பது நொடி. நான் எண்ணினேன்.

மேடம் என் நாய். பெண். நாட்டு நாய். கறுப்பு. வயது ஒன்பது. நோய், வலிப்பு. இடம், கிழக்குத் தாம்பரம் தாண்டி சேலையூர்ப் பக்கம் ஒரு தெரு. நாள், தீபாவளி. இரவு ஏழு முதல் எட்டு வரைதான் வெடிக்க அனுமதி. ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைப் போர் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நிஜப் போரைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் முன்னால் நான் குளியலறையில் பதுங்கிய ஒரு இயற்பியல் வாத்தியார், அவ்வளவுதான். ஆனால் இன்று தீபாவளி என்று மேடத்திடம் யாரும் சொல்லவில்லை. வானம் உடைகிறது, மனிதர்கள் சிரிக்கிறார்கள். அது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவரால் எழுத முடியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

“அவர்” என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அதுவும் இந்தச் சாட்சியத்தில் ஒரு குற்றம். சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழை நாள். என் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு குட்டி நுழைந்தது. நேராகத் தலைமை ஆசிரியையின் நாற்காலியில் ஏறிச் சுருண்டது. அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். “மிஸ்டர் ஜெபராஜ், இது என்ன?” நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மேடம் மீட்டிங்ல இருக்காங்க, மேடம்” என்றேன். எனக்கு மெமோ கிடைத்தது. குட்டிக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் வந்தால் மரியாதையும் வரத்தானே வேண்டும். “மேடம் சாப்ட்டாங்களா?” “மேடம் தூங்கறாங்க, டிவியைக் குறை.” என் மனைவி கிருபா முதல் வாரம் சிரித்தாள். இரண்டாம் வாரம் முறைத்தாள். மூன்றாம் வாரம் அவளும் “வாங்க மேடம், குளிக்கலாம்” என்றாள். ஒரு ஜோக்கை ஒரு நாளைக்கு மேல் வைத்திருந்தால் ஊசிப்போகும். நான் ஒன்பது வருடம் வைத்திருந்தேன்.

எதிர்வீட்டு சரசு அக்காவுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. எங்கள் தெரு, தெரு ஆவதற்கு முன் அவருடைய மாமனாரின் வயல். “இன்னா சார், நாய்க்கு இவ்ளோ மரியாத? எங்க வூட்டுக்காரருக்கே நான் குட்த்தது இல்ல” என்பார். அவர் கூப்பிடுவது “ஏய் வாடி.” மேடம் அதற்கும் வாலாட்டிக்கொண்டு போவார். பதவி போனது பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை.

ஐந்து வயதில் வலிப்பு வந்தது. காலை ஆறு, மாலை ஆறு, ஒவ்வொரு மாத்திரை. தவறவிட்டதில்லை.

பிறகு அயர்லாந்து. கிருபா நர்ஸ். அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நாலு மாதம் முன்பே போய்விட்டாள். நான் ராஜினாமா கொடுத்தேன். தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம் விமானம். மேடத்தைக் கூட்டிப்போவதா, விட்டுப்போவதா? அந்த நாலு மாதமும் நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

நான் கூட்டிப்போகும் கட்சி. தோலுக்குள் சிப் வைத்தாயிற்று. ஊசி போட்டாயிற்று. ரத்தம் சோதித்தாயிற்று. மூன்று மாதம் காத்திருந்தாயிற்று. அயர்லாந்துக்குள் நுழையும் தகுதி எனக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தது. பாக்கி ஒன்று. பறக்கும் அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரின் சான்றிதழ். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “முப்பது நாள் ஃபிட்ஸ் இல்லாம இருக்கட்டும் சார். கையெழுத்துப் போடறேன்.”

கிருபா எதிர்க்கட்சி. விமானத்தின் சரக்கு அறையில், மரக்கூண்டில், மேடம் தனியாகப் போக வேண்டும். அவள் போனில் சொன்னாள். “நடுவுல ஃபிட்ஸ் வந்தா யார் பக்கத்துல இருப்பா ஜெபா? நான் நர்ஸ். என்னால அதை நினைச்சுப் பாக்க முடியும். உன்னால முடியாது. அதான் நீ தைரியமா இருக்க.”

“இங்க விட்டா வருஷா வருஷம் தீபாவளி” என்றேன்.

“இங்கயும் அதே சமயத்துல ஏதோ பேய்த் திருவிழாவாம். இங்கயும் வெடிக்கறாங்க.”

வெடியே வெடிக்காத நாடு எது என்று இணையத்தில் தேடினேன். அண்டார்டிகா. அங்கே நர்ஸ் வேலை காலி இல்லை.

தீபாவளி, வலிப்பு இல்லாத இருபத்து மூன்றாவது நாள். இன்னும் ஏழு. படப்பையில் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் அழைத்தான். “இங்க கூட்டிட்டு வந்துடுடா, சத்தமே இருக்காது.” மழை தூறிக்கொண்டிருந்தது. குளியலறை போதும் என்றேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆறு ஐம்பத்திரண்டு. மேடத்தின் முன்கால் விறைக்கிறது. தலை பின்னால் போகிறது. விழுகிறார். தரையில் நகங்கள் அடிக்கும் சத்தம். பல் கிட்டுகிறது. நுரை. வெளியே அணுகுண்டு. உள்ளே குழாய் சொட்டுகிறது. தலைக்குக் கீழே துண்டு வைக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

டாக்டர் சொன்ன விதி, இரண்டு நிமிடம் தாண்டினால் கிளினிக்குக்கு போன். இரண்டு தெரு தள்ளித்தான் கிளினிக். ஓடி வந்துவிடுவார்.

ஆறு ஐம்பத்து நாலு. போன் செய்கிறேன். எடுத்தது ஒரு பெண் குரல். புதிதாகச் சேர்ந்தவர்.

“அம்மா, மேடத்துக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு. டாக்டரை உடனே வரச் சொல்லுங்க!”

“யாருக்கு சார்?”

“மேடத்துக்கும்மா! கீழ விழுந்துட்டாங்க. நுரை தள்ளுது!”

“ஐயோ. சார், இது நாய், பூனை பாக்கற கிளினிக் சார். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். உங்க நம்பர் இதானே? பயப்படாதீங்க சார்!”

வைத்துவிட்டார்.

மறுபடி அடிக்கிறேன். பிஸி. மறுபடி. பிஸி. நல்ல பெண். அதே போனிலிருந்து எனக்காக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டரின் கைப்பேசி அடிக்கிறது, எடுக்கவில்லை. அவர் உள்ளே வேறொரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அன்று எல்லா நாய்களுக்கும் அதே மாலைதான்.

ஆறு ஐம்பத்தேழு. என் போன் அலறுகிறது.

“ஆம்புலன்ஸ்லருந்து பேசறோம். பேஷன்ட் வயசு என்ன சார்?”

“ஒன்பது.”

“குழந்தையா சார்?”

நான் வாயைத் திறந்தேன். வெளியே சரவெடி. முடியும் வரை காத்திருந்தேன்.

“நாய்” என்றேன்.

“லைனை ஃப்ரீயா விடுங்க சார். இன்னிக்கி தீக்காயக் கேஸா வந்துட்டே இருக்கு.” கோபம்கூட இல்லை அந்தக் குரலில். களைப்புதான்.

நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். இரண்டு தெருதான். இருபது கிலோதான். வெளியே வெடி, மேடம் இன்னும் பயந்துவிடுவார் என்று நினைத்ததாகக் கிருபாவிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. எனக்கும் பயமாக இருந்தது.

ஏழு மணி. வாசல் கதவு திறக்கும் சத்தம். சரசு அக்கா, கையில் அதிரசத் தட்டோடு. குளியலறையை எட்டிப் பார்க்கிறார். தட்டைச் சமையல் மேடையில் வைக்கிறார். “இன்னா சார் குந்திகினு கீற? நவுரு!” சேலையை இழுத்துச் செருகுகிறார். மேடத்தைக் கதவடியில் கிடந்த மெத்தையோடு சுருட்டித் தோளில் போடுகிறார். ஓடுகிறார். நான் பின்னால். அவர் குரல்தான் தெருவைத் திறந்தது. “டேய் நிறுத்துங்கடா! வெக்காத! கொளுத்தாத! கைய ஒட்ச்சிருவேன்!” புகை. யாரோ நீரை ஊற்றி ஒரு திரியை அணைத்தார்கள். புஸ் என்றது. அந்தச் சத்தம்கூட நினைவிருக்கிறது.

ஏழு மூன்று. ஊசி. கால்கள் நின்றன.

பதினோரு நிமிடம்.

பிழைத்தார். மறுநாள் எழுந்து நின்றார். சுவரில் முட்டிக்கொண்டார். திரும்பினார். என் காலில் முட்டிக்கொண்டார். டாக்டர் டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்குமாக ஆட்டினார். “பார்வை திரும்பலாம் சார். திரும்பாமலும் போகலாம்.” திரும்பவில்லை. சான்றிதழ் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “என் கை வராது சார்.”

போனை எடுத்த அந்தப் பெண் வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். “நீங்க ஏன் சார் நாய்னு சொல்லல?”

அவர்மேல் தப்பே இல்லை. வெட்டி ஜோக்கு சொல்லும் வாய்க்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. அவசரத்தில் நாக்கு பழகிய வழியில்தான் ஓடும். ஒன்பது வருடம் பழக்கியவன் நான்.

இனி என்ன செய்வது? டாக்டர் ஒரு ஊசியைப் பற்றி மெதுவாகச் சொன்னார். வலிக்காது என்றார். கிருபாவிடம் சொன்னேன். “சாப்பிடறாங்களா?” என்றாள். “ரெண்டு வேளை” என்றேன். “அப்ப வேணாம்.”

இன்னொரு வழி இருந்தது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. நான் போகாமல் இருப்பது. ராஜினாமா கொடுத்தாயிற்று, வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று, கிருபா அங்கே இரவு வேலை முடிந்து வந்து தனியாக உட்கார்ந்து பாலில் சோளத்தைப் போட்டுச் சாப்பிடுகிறாள். எல்லாம் நிஜம். ஆனாலும் நான் இருந்திருக்கலாம். என் நெற்றியில் யாரும் துப்பாக்கி வைக்கவில்லை. போரில் தப்பியவர்களுக்கு அந்த நியாயமாவது உண்டு. எனக்கு அது இல்லை.

சரசு அக்கா வந்தார். “இன்னா யோசிச்சிகினு கீற? எங்க வூட்ல வுட்டுட்டுப் போ சார். மாடு கட்ன எடம் சும்மாதானே கீது.”

“கண்ணு தெரியலக்கா.”

“மூக்கு கீதுல்ல?”

“மாத்திரை ரெண்டு வேளை…”

“நானும் ரெண்டு வேள சுகர் மாத்ர துண்றேன். சேந்து துண்றோம்.”

ஒரு வாரம் பழக்கினோம். தண்ணீர்ச் சட்டி வலது மூலையில். சாக்கு இடது மூலையில். மூன்றாம் நாளே மேடம் கண்டுபிடித்துவிட்டார். நான்தான் இரண்டு முறை சட்டியில் காலை விட்டேன்.

ஞாயிறு மதியம் இரண்டு பத்து. தெருவில் கார். நான் மாட்டுக் கொட்டகையில் குனிந்து நிற்கிறேன். தினமும் பள்ளிக்குப் புறப்படும்போது சொல்வது ஒன்று உண்டு. “போயிட்டு வரேன் மேடம்.” வீட்டை விட்டுக் கிளம்புகிற எவனும் “போறேன்” என்று மட்டும் சொல்ல மாட்டான். அந்த “வரேன்” தொண்டைக்கு வந்து நின்றது. அவர் அதை நம்புவார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வாய் வேறொன்று சொன்னது.

“நீ இங்கயே இரு.”

நீ. ஒன்பது வருடத்தில் முதல் முறை. மேடம் காதைத் தூக்கினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். நான் வேறு யாரிடமோ பேசுவதாக நினைத்துக்கொண்டார். அது யார் என்று மோப்பம் பிடித்துத் தேடினார்.

நான் காரில் ஏறினேன்.

அயர்லாந்து அமைதியான ஊர். பேய்த் திருவிழா நான் வருவதற்குள் முடிந்திருந்தது. இங்கே மதியம் பன்னிரண்டரை என்றால் சேலையூரில் மாலை ஆறு. பன்னிரண்டரைக்கு என் கை சட்டைப்பையைத் தடவும். மாத்திரை டப்பா இருக்காது. தரை மரப்பலகை. இரவில் நகங்கள் நடக்கும் சத்தம் வருகிறது. நாலு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு அடி. பக்கத்தில் கிருபாவும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். மரம் குளிரில் சுருங்குகிறது, அதுதான் சத்தம் என்று அவளுக்கு விளக்கினேன். இயற்பியல். அவள், “நான் ஒண்ணும் கேக்கலயே” என்றாள்.

நான் கிளம்பி ஐம்பத்து மூன்றாவது நாள். புதன். சரசு அக்காவின் போன்.

“சார், பூட்சி சார். ஃபிட்ஸ் இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கத்துலயே. காத்தால கஞ்சி வெக்கப் போனேன், அப்டியே கீது. கொல்லைல பொதச்சிட்டோம்.”

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

“உன்ன ஒண்ணும் தேடல சார். நல்லாத் துன்னுச்சி, நல்லாத் தூங்குச்சி. அத நெனச்சி நீ பேஜார் ஆவாத, இன்னா?”

உண்மையா, எனக்காகச் சொன்ன பொய்யா? இரண்டில் எது எனக்கு நல்லது என்றும் தெரியவில்லை.

கணக்கு இது. வலிப்பு பதினோரு நிமிடம். அதில் போனில் தொலைத்தது ஆறு. அந்த ஆறும் என் கணக்கில். சான்றிதழுக்குக் குறைந்த நாள், ஏழு. போகாத தோட்டம், ஒன்று. கண்கள், இரண்டு. சொல்லாமல் விட்ட “வரேன்”, ஒன்று. ஒன்பது வருடம் ஓடிய ஜோக், ஒன்று. அதற்கு மாற்றாக இன்னும் வேறு ஜோக் எதுவும் வரவில்லை, கிருபாவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

இறப்பு: ஒன்று என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

இறப்பு: ஒருவர்.