உச்சத்தில் ஓர் ஈகாரம்

என் தங்கை கடைசியாகப் பேசி இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. எழுத வசதியாக இருக்கிறது.

நான் இசை நாடகங்களுக்குப் பாட்டு எழுதுகிறவள். அவள் பாடுகிறவள். அரங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் சுவரொட்டியில் என் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கும். அச்சகத்தின் விலாசத்துக்கு மேலே, அதைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும்.

போன ஆண்டு அவளுக்கு நடந்த பாராட்டு விழாவில், பாட்டில் சொல் முக்கியமா என்று யாரோ கேட்டார்கள்.

"அக்கா எழுத்து ஹேங்கர் மாதிரிங்க. அது இல்லாம சட்டையை மாட்ட முடியாது. ஆனா ஹேங்கர் நல்லாருக்குன்னு யாராவது சொல்வாங்களா?" என்றாள்.

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல உவமை. எனக்குத் தோன்றியிருந்தால் நானே எழுதியிருப்பேன்.

இந்த நாடகத்தில், கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனை மனைவி கரையில் நின்று கூப்பிடுகிறாள். "வா" என்று மூன்று முறை. மூன்றும் உச்ச ஸ்தாயி. தங்கைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரம் பேசாமல் இருந்த பிறகு ஒத்திகை தொடங்கியது. தொடங்கிய அன்று "வா"வை அடித்துவிட்டு "நீ" என்று எழுதிக் கொடுத்தேன்.

"'வா'ன்னா கெஞ்சுறா. 'நீ'ன்னா கேள்வி கேக்குறா. பிரமாதம்மா" என்றார் இசையமைப்பாளர். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

ஆகாரத்துக்கு வாய் தானாகத் திறக்கும். தாடை இறங்கும், குரலுக்கு இடம் கிடைக்கும். ஈகாரத்துக்கு நாக்கு மேலே ஏறும், உதடு விரியும். அவ்வளவு உயரத்தில் தொண்டை இறுகாமல் அதைப் பாடுவது கடினம். பாடகிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஈயைச் சத்தமில்லாமல் ஆவாக்கிவிடுவார்கள். யாரும் கவனிப்பதில்லை. நான் கவனித்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, சொல் தெளிவாகக் கேட்காதபோதெல்லாம் கை தூக்கினேன். முதல் நாள் பதினேழு முறை.

"அக்கா, 'நா'ன்னுதான் வருது. விட்டுடேன்."

"'நா'ன்னா நாக்கு. புருஷனைத் தேடுறவ நாக்கையா தேடுவா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி பாடினாள். அவளுக்குக் கோபமே வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஐந்தாம் நாள், "தொண்டையில இரும்பு ருசி வருதுக்கா" என்றாள்.

"வெந்நீர் குடி. சரியாயிடும்."

ஆற்றிக் கொடுத்ததும் நான்தான். அவளை நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் காட்சியன்று, முதல் "நீ" சுத்தமாக வந்தது. இரண்டாவது கீறலோடு வந்தது. மூன்றாவதற்கு உதடு விரிந்தது, சத்தம் வரவில்லை. அதை நடிப்பு என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்போது அவள் என்னைப் பார்த்ததாக இசையமைப்பாளர் சொல்கிறார். மேடை விளக்குக்கு எதிரே கடைசி வரிசை தெரியாது. அந்தச் சொல் மட்டும் அன்று எல்லோருக்கும் புரிந்தது. உதட்டிலேயே தெரிந்தது.

இப்போது வேண்டியதையெல்லாம் எழுதிக் காட்டுகிறாள். ர, ற குழப்புகிறாள். நான் திருத்திக் கொடுக்கிறேன். முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நாங்கள் நெருக்கமாக இருக்கிறோம்.

டாக்டர் போன் செய்ததாகச் சொல்கிறார் என்கிறீர்கள். செய்தார். ஒத்திகை தொடங்குவதற்கு முந்தின நாள், காலை பதினொன்றரை மணிக்கு, பரிசோதனை முடிவைச் சொல்ல. அவள் வாய் திறக்கக் கூடாது என்பதால் அவளுடைய போனை நான்தான் எடுப்பேன். எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயம் ஆறல. இன்னும் மூணு மாசம் பாடவே கூடாது. மீறிப் பாடினா குரல் திரும்ப வராது. அவங்ககிட்ட அழுத்திச் சொல்லிடுங்க."

நன்றி சொல்லி வைத்தேன்.

என்னவாம் என்பதுபோல் அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"பாடலாமாம்" என்றேன்.